ஏழு பேர், ஒரு கூடாரம், ஒரு டிரெய்லர்: பழைய பெரிய எஸ்யூவி தேடிய கணக்கு

எங்கள் வீட்டில் மொத்தம் ஏழு பேர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, எங்களோடு தங்கிப் படிக்கும் தங்கச்சி மகன். வருஷத்துக்கு நாலைந்து தடவை ஜவ்வாது மலைப் பக்கமோ ஏலகிரிக்கோ போய்க் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம். இதுவரை ரெண்டு கார் எடுத்துட்டுப் போறோம். ஒரே பெரிய வண்டி வாங்கிவிடலாம், சாமானை எல்லாம் ஒரு சின்ன டிரெய்லரில் போட்டு இழுத்துக்கொண்டு போகலாம் என்பது என் மச்சானின் யோசனை. வாணியம்பாடியில் அவருக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒரே வாரத்தில் டிரெய்லர் அடித்துத் தருகிறார்களாம். "டிரெய்லர் என் பொறுப்பு, வண்டிய மட்டும் நீங்க பாருங்க மாப்ள"ன்னு சொல்லிட்டார்.

பட்ஜெட் 18 லட்சம். புது ஃபார்ச்சூனர் ஆன்-ரோடு விலை இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே செகண்ட் ஹேண்ட்தான். இரண்டு மாதமாக நான் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி தேர்வு செய்வது இதில் சுலபமான பாதி. இழுவைதான் கஷ்டமான பாதி.

முதலில் "ஃபுல் சைஸ்" என்ற வார்த்தை. இது அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஃபுல் சைஸ் என்றால் செவ்ரோலே சபர்பன் மாதிரி வண்டி. 1935லிருந்து அந்தப் பெயரில் வருகிறது, இன்றைய நீளம் 5.7 மீட்டர் கிட்ட. மூன்றரை டன் டிரெய்லரை இழுக்கும். அதை வேலூர் லாங்கு பஜாரில் திருப்ப முடியாது. நம் ஊரில் பெரிய எஸ்யூவி என்று சொல்லும் ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர், எண்டவர் 4.9 மீட்டர். அமெரிக்கக் கணக்கில் இவை நடுத்தரம்தான். நம் அரசாங்கத்துக்கோ நீளம் 4 மீட்டருக்கு மேல், இன்ஜின் 1500 சிசிக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் எஸ்யூவி, அதற்குத் தனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி செஸ் எல்லாம் சேர்த்து இருந்த 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கணும். ஆனால் புரோக்கர்கள் பலர் இன்னும் பழைய புது விலையை வைத்துத்தான் கணக்கு சொல்கிறார்கள். பேரம் பேசும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருக்கிற வண்டி, இல்லாத வண்டி

இங்கே சட்டம் என்று நான் சொல்வது லேடர் பிரேமை. ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பு, நடுவில் குறுக்குக் கட்டைகள், அதன் மேல் பாடி. டிரெய்லர் கொக்கியை இந்தச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டினால் இழுவிசை நேராக இரும்பில் போய்ச் சேரும். மோனோகாக் வண்டியில் சட்டம் தனியாகக் கிடையாது, பாடியேதான் சட்டம். அதனால் இழுக்கவே முடியாது என்று இல்லை. ஐரோப்பாவில் மோனோகாக் கார்கள் தினமும் கேரவான் இழுக்கின்றன. ஆனால் அந்தக் கார்களுக்குக் கம்பெனியே வடிவமைத்த கொக்கிப் பொருத்தம் உண்டு. இங்கே அது கிடைக்காத வண்டியில் பட்டறைக்காரர் தகட்டைத் துளைத்து மாட்டுவது வேறு கதை.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1998ல் வந்த டாடா சஃபாரி, அதற்குப் பின் 2012ல் வந்த சஃபாரி ஸ்டார்ம் ரெண்டும் லேடர் பிரேம். 2021ல் அதே பெயரில் வந்த புது சஃபாரி மோனோகாக், முன்சக்கர இழுவை. "சஃபாரிதான் சார், இழுக்கும்"னு சொன்னா எந்த வருஷம்னு கேளுங்க. மஹிந்திரா எக்ஸ்யூவி 500ம் மோனோகாக். ஸ்கார்பியோ லேடர் பிரேம்.

என் பட்டியலில் இருந்தவை இவை. முதல் தலைமுறை ஃபார்ச்சூனர், 2009ல் வந்தது, 3.0 லிட்டர் டீசல், 171 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் டார்க். 2016க்குப் பிறகு வந்த ஃபார்ச்சூனர் 2.8, மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 450 டார்க். ஃபோர்டு எண்டவர் 2016 மாடல், 2.2 லிட்டரில் 385, 3.2 லிட்டரில் 470. இசுசு எம்யூ-எக்ஸ் 3.0, டார்க் 380. டாடா ஹெக்ஸா, 2017 முதல் 2020 வரை வந்தது, 400. கடைசியாக இன்னோவா கிரிஸ்டா 2.4, 343. கிரிஸ்டா எஸ்யூவி இல்லையே என்பீர்கள். லேடர் பிரேம், பின்சக்கர இழுவை, ஏழு பேருக்கு நிஜமான இருக்கை. ஏலகிரிக்குப் போற தார் ரோட்டுக்கு வேறென்ன வேணும்?

இழுவைத் திறன் என்று ஒரு எண் இருக்கும். நம் ஊர் விற்பனைத் தாள்களில் அந்த வரியே இருக்காது. அதனால் இதே வண்டிகள் வெளிநாட்டில் என்ன பெயரில் ஓடுகின்றன என்று தேடினேன். எண்டவர் ஆஸ்திரேலியாவில் எவரெஸ்ட். 3.2 லிட்டர் எவரெஸ்ட்டுக்கு அங்கே பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,000 கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ. ஃபார்ச்சூனரும் எம்யூ-எக்ஸும் அங்கே கிட்டத்தட்ட இதே அளவில்தான். ரெண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்க. ஒரே வண்டி, ஒரே இன்ஜின். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் திறன் நாலில் ஒரு பங்கு. அப்படியென்றால் அந்த எண் இன்ஜின் பலத்தைப் பற்றியது இல்லை, நிறுத்தும் பலத்தைப் பற்றியது.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான்

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் எல்லோரும் பேசுவது பிக்கப்பைப் பற்றித்தான்.

வண்டியும் ஆட்களும் 2,500 கிலோ, டிரெய்லர் 700 கிலோ, மொத்தம் 3,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுக்கும் விசை 3200 × 9.8 × 0.08, சுமார் 2,500 நியூட்டன். டயர் உருளும் தடைக்கு இன்னொரு 470. மொத்தம் 3,000 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற இதற்குத் தேவை சுமார் 25 கிலோவாட், அதாவது 34 குதிரைத்திறன். என் பட்டியலில் உள்ள எல்லா வண்டியிலும் இதைப்போல நாலு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆக, ஏறுவது ஒரு பிரச்சினையே இல்லை. கொண்டை ஊசி வளைவில் நின்று மறுபடி கிளம்பும்போது மேனுவல் வண்டியின் கிளட்ச் சூடாகும், அது மட்டும்தான் கவலை.

இப்போது இறங்கலாம். ஏலகிரிக்கும் கீழே உள்ள சமவெளிக்கும் உயர வித்தியாசம் சுமார் 650 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். 3,200 கிலோ எடை 650 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் 20 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கிற 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு. டயரும் காற்றும் கொஞ்சம் தின்னும். மீதி எங்கேயாவது போயாகணும். கியரை இறக்கி ஓட்டினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அத்தனையும் நாலு சக்கரத்தின் பிரேக் இரும்புக்குள் போகும். டிரெய்லரின் பங்கான 700 கிலோவுக்கும் சேர்த்து, அதே நாலு பிரேக். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் பொதபொதன்னு உள்ளே போகும். 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பேர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயர்ப்பலகையையும் கிட்டே போய்ப் படிக்கிற ஆசை எனக்கில்லை.

அதனால் டெஸ்ட் டிரைவில் நான் கேட்பது ஏற்றம் இல்லை, இறக்கம். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் ரெண்டாம் கியரைப் பிடித்து வைக்கிறதா? பத்து நிமிஷ இறக்கத்துக்குப் பின் ஸ்டீயரிங் அதிர்கிறதா? அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். விற்பவர் "மலைக்கெல்லாம் எதுக்கு சார், பைபாஸ்ல ஓட்டிப் பாருங்க"ன்னு சொன்னா, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

கொக்கியில் எவ்வளவு கனம்

டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 700 கிலோவுக்கு 70 கிலோ. சாமானைப் பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் கொக்கி மேலே தூக்கும், எடை மையம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விடும். அப்போது குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினதும் டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். கீழே இருந்த வேகத்தில் தானாக அடங்கிய ஆட்டம், இப்போது ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகும். பயத்தில் ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பினால் இன்னும் மோசம். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடுவதுதான் வழி. ஆறுவழிச் சாலையில் லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும் காற்று இதைத் தொடங்கி வைக்கப் போதும்.

அந்த 70 கிலோ வண்டிக்குச் சும்மா 70 கிலோ இல்லை. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ் 2.75 மீட்டர் என்றால், நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் 100 கிலோ கூடும், முன் அச்சில் 30 கிலோ குறையும். முன்சக்கர இழுவை வண்டி இதற்கு ஏன் தோதில்லை என்பது இதில் புரியும். இழுக்க வேண்டிய சக்கரத்தின் பிடி குறைகிறது.

இன்னொரு கணக்கு, எங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியமாகப் போச்சு. வண்டியின் உச்ச எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் ஏற்றக்கூடியது கிடைக்கும். காலி எடை ஆர்சியில் இருக்கும், உச்ச எடை கம்பெனி ஒட்டிய தகட்டில் இருக்கும். 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர், சராசரி 65 கிலோ, மொத்தம் 455. கொக்கியில் 70. ஆச்சு 525. மீதி 75 கிலோவில் கொக்கியின் சொந்த எடை, தண்ணீர் கேன், பைகள். கூரை கேரியர் போட்டால் அதுவும் இதே கணக்கில்தான், அதற்கும் பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரைதான் கம்பெனி அனுமதி. மூன்றாம் வரிசை நிரம்பினால் பின்னால் டிக்கி என்று ஒன்றே இல்லை என்பதால்தான் மச்சானுக்கு டிரெய்லர் யோசனையே வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கு.

மூன்றாம் வரிசை என்றதும் ஒன்று. பழைய சஃபாரி, ஸ்கார்பியோ, பொலேரோ சில மாடல்களில் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டு பெஞ்ச் இருக்கும். பெல்ட் கிடையாது, தலைக்கு ஆதரவும் ஒழுங்காக இல்லை. பின்னால் 700 கிலோ டிரெய்லர் தொங்கும்போது அந்த பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஸ்கார்பியோ பட்டியலில் ஏறாமல் போனதற்கு அதுதான் காரணம், இன்ஜின் இல்லை.

டிரெய்லர் என்பது ஒரு மோட்டார் வாகனம்

வெல்டிங் பட்டறை யோசனை நின்ற இடம் இது. 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28). மோட்டார் வாகனம் என்பதற்கான விளக்கத்திலேயே டிரெய்லரும் அடக்கம் என்று எழுதியிருக்கிறது. இன்ஜின் இல்லாவிட்டாலும் அது மோட்டார் வாகனம். அப்படியானால் பிரிவு 39 அதற்கும் பொருந்தும், பதிவு செய்யாமல் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. பிரிவு 146ம் பொருந்தும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேண்டும். தனி நம்பர், பின் விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் வேண்டும்.

டிராக்டர் டிரெய்லருக்கு நம் பக்கம் வழி தெரியும். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர் கொடுக்கும் சான்றோடு ஆர்டிஓ ஆபீஸ் போய்ப் பதிவு செய்கிறார்கள். காருக்குப் பின்னால் மாட்டும் குடும்ப டிரெய்லருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மத்திய அரசின் 2004 அறிவிக்கையில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற பட்டியலில் உள்ளன. அதாவது மஞ்சள் போர்டு தேவையில்லை, வெள்ளை போர்டு போதும். ஆனால் பட்டறையில் அடித்த டிரெய்லருக்கு அங்கீகாரச் சான்று எங்கிருந்து வரும்? மச்சானிடம் இதைச் சொன்னதும் "ஊர்ல எத்தனை பேர் இழுக்கிறாங்க மாப்ள, யார் கேக்கறாங்க"ன்னார். போலீஸ் கேட்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. டிரெய்லர் கழன்று எதிரே வரும் பைக் மேல் மோதினால், பதிவில்லாத வாகனத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும். நஷ்ட ஈடு வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டியதாகிவிடும். அதுவும் பரவாயில்லை, பைக்கில் வந்தவர் குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

லைசென்ஸ் விஷயத்தில் பயம் குறைவு. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர், பின்னால் டிரெய்லர் மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று நாகஷெட்டி வழக்கில் 2001லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனத்துக்கு எல்எம்வி லைசென்ஸ் போதும் என்பதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது.

கொக்கிப் பந்து பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய அளவு 50 மில்லிமீட்டர். அமெரிக்க அளவு 2 அங்குலம், அதாவது 50.8. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். அமெரிக்கக் கப்ளரை 50 பந்தில் மாட்டினால் லூசாக உட்காரும், குலுங்கும். லேத்தில் கடைந்த பந்து என்றால் எந்த இரும்பு என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மேல் பாதுகாப்புச் சங்கிலி ரெண்டு, கொக்கிக்குக் கீழே குறுக்காக. கழன்றால் டிரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

நம்ம பக்கத்து வண்டியில் எதைப் பார்ப்பது

இன்ஜின், கியர்பாக்ஸ் பரிசோதனை பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், வேகமாகக் கடக்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டைப் பாருங்கள். பழைய ஃபார்ச்சூனர் 3.0ல் டைமிங் பெல்ட், ஆஸ்திரேலியக் கணக்கில் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். 2.8ல் செயின். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் என்றால், டவுனுக்குள்ளேயே ஓடிய வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைத்திருக்கலாம். டயரின் தேதி பாருங்கள்: 2319 என்று இருந்தால் 2019ன் 23வது வாரம். வேலூர் மே மாத வெயிலில் ஆறு வயசு டயரை நம்பி டிரெய்லர் இழுப்பது வேண்டாம்.

மற்ற ஊர்ப் பதிவுகளில் கிடைக்காத விஷயம் உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு முழுக்கத் தோல்தான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் தொழிற்சாலைக்கு வரும். அந்த உப்புத்தண்ணீர் சொட்டாத தோல் லோடு நான் பார்த்ததில்லை. லாரியும் பிக்கப்பும்தான் லோடு ஏற்றும், எஸ்யூவி ஏற்றாது. ஆனால் தொழிற்சாலை வாசலிலேயே பத்து வருஷம் நின்று, அந்த ஈரத் தரையில் தினமும் ஓடிய எஸ்யூவியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், மின்வேதி அரிப்பை விரட்டும். லேடர் பிரேம் பெட்டி மாதிரி உள்ளே கூடாக இருப்பதால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளிருந்து தின்னும். எனக்குத் தெரிந்த ஆம்பூர் மெக்கானிக் பாய் ஒருவர் சின்னச் சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு "டிங்" என்னும், தின்ற இரும்பு "டொப்" என்னும். "பெயிண்ட் பொய் சொல்லும் சார், சத்தம் சொல்லாது" என்பார். புதுசாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்து விற்பனைக்கு வந்த வண்டி என்றால் அவர் ரெண்டு மடங்கு நேரம் தட்டுவார். குறிப்பாகக் கொக்கி மாட்டும் பின் முனை, ஸ்பிரிங் பிராக்கெட்டுகள்.

இன்னொன்று காற்று. சுண்ணாம்பு, சல்ஃபைடு குளியலில் ஊறிய தோல் அமிலத்தைச் சந்திக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அந்த அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். ஆகவே இப்படி நின்ற வண்டியில் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து இணைப்பு முனைகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன். டிரெய்லர் விளக்குக்கு வயர் இழுக்கப்போகிற இடமும் அதேதான்.

சீட் விஷயத்தில் நம்ம ஊர்க்காரருக்கு அனுகூலம் உண்டு. "ஃபுல் லெதர் சார்" என்றால் சீட்டின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். கம்பெனி லெதரிலேயே உட்காரும் பகுதி மட்டும் தோல், பக்கமும் பின்புறமும் ரெக்சின் என்பது சகஜம். தையல் ஓரத்தில் வெட்டு முனை தெரிந்தால் தோலில் நார் நாராக இருக்கும், ரெக்சினில் துணி தெரியும். எங்கள் தெருவில் இதைச் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். இதற்காக விலையில் ஆயிரக்கணக்கில் ஏற்றிக் கேட்பதைத்தான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அடுத்த பயம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சென்னைப் பதிவு வண்டி என்றால் சர்வீஸ் ரெக்கார்டில் அந்த மாதங்களைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் சேற்றுக்கோடு தெரியும். பெல்ட்டை மட்டும் புதுசாக மாற்றியிருந்தால் அதுவே ஒரு பதில்.

காகிதம்

பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கேஏ வண்டி, பிஒய் வண்டி, டெல்லி வண்டி எல்லாம் நம் சந்தைக்கு வரும். டெல்லியில் 10 வருஷ டீசல் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதனால் அங்கே மலிவு. ஆனால் இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாகணும், ஆயுள் வரி கட்டணும். 2023 நவம்பர் முதல் இங்கே 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், வயசுக்கேற்பக் கழித்துக் கட்டவேண்டும். மலிவு விலையில் பாதி இதிலேயே போகும். நான் டிஎன் 23, 73, 83 நம்பர் வண்டிகளைத்தான் முதலில் பார்க்கிறேன். அடிப்பக்க உப்பு தெரியும், ஓட்டியவர் வீடும் தெரியும்.

வாங்கியதும் பெயர் மாற்றம் உடனே. 2018ல் நவீன் குமார் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். முன்னே பம்பருக்கு மேல் பெரிய இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எண்டவர் நம் மறைமலை நகரில் தயாரான வண்டி. அதனால் அதே வயசு ஃபார்ச்சூனரை விட எண்டவர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சர்வீசும் உதிரிபாகமும் தொடர்கின்றன, ஆனால் வேலூரிலிருந்து எவ்வளவு தூரம் போகணும், கண்ணாடி உடைந்தால் எத்தனை நாள் காத்திருக்கணும் என்பதை வாங்குகிறவர் கணக்கில் எடுக்கணும். ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது அதுதான். இறக்கத்தில் ஐந்து சிலிண்டர் 3.2 கொடுக்கும் இன்ஜின் பிரேக்கிங் நம்பிக்கையாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி, அந்த உயரத்துக்கு ஏற ஒரு ஸ்டூல் வேண்டியிருக்கும். கிரிஸ்டாவில் அம்மா தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஏலகிரிக்கு வேண்டாம். போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஜமுனாமரத்தூர் போகவும் வேண்டாம், தார் ரோடுதான். மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் டிரெய்லரோடு நிற்கும்போதுதான் அது உதவும். காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்க முடியாது, 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பின் வனத்துறை விதிகள் கறாராகிவிட்டன. நாங்கள் தங்குவது அனுமதி வாங்கிய தனியார் தோட்டங்களில். காவலூர் பக்கம் தங்கினால் ஒரு வேண்டுகோள், கூரை மேல் எல்இடி பார் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இருட்டுக்காகவே அந்த இடத்தைத் தேடி 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய வானாய்வகம் அது, 1986லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

இப்போதைக்கு வீட்டில் பேசி முடித்திருப்பது இதுதான். டிரெய்லர் இந்த வருஷம் கிடையாது. சான்றோடு பதிவாகிற, 750 கிலோவுக்குக் கீழே, பிரேக் வைத்த டிரெய்லர் கிடைத்தால் மட்டும் அடுத்த வருஷம். அதுவரை தங்கச்சி மகன் பைக்கில் பின்னால் வரத் தயார் என்கிறான், அவன் இடத்தில் சாமான். பட்டியலில் மிஞ்சியிருப்பது ஒரு டிஎன் 73 கிரிஸ்டா 2.4, ஒரு டிஎன் 23 எண்டவர் 3.2. சனிக்கிழமை காலையில் பாய் சுத்தியலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சான் இன்னும் அந்த வெல்டிங் பட்டறைக்காரரிடம் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவில்லை.